பிள்ளையைப் போலீஸ் பிடித்துவிட்டால் வீட்டில் செய்ய வேண்டியவை

என் அக்கா மகன் படிக்கப்போன இரண்டாம் வருடமே மெகாபோனைத் தூக்கிவிட்டான். அதிலிருந்து மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் யார் வீட்டுப் பிள்ளை ஆர்ப்பாட்டத்துக்குக் கிளம்பினாலும் என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். "போகாதே" என்று தடுத்துப் பயனில்லை, சொல்லாமல் போவான். சொல்லிவிட்டுப் போகிறவனாக வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது கையில் ஐசி (அடையாள அட்டை) இருக்கட்டும். லாயர் நம்பரை மார்க்கர் பேனாவால் முழங்கையில் எழுதச் சொல்லுங்கள், போன் பறிபோகும். வயதையும் பாருங்கள்: 2012 அமைதிப் பேரணிச் சட்டப்படி 15 வயது ஆனவர் கலந்துகொள்ளலாம், ஆனால் 21 ஆகாதவர் ஏற்பாட்டாளராக இருக்கக் கூடாது. "நான்தான் கூட்டினேன்" என்று வீராப்பாக ஸ்டேட்டஸ் போடுவதில்தான் நம் பிள்ளைகள் மாட்டுகிறார்கள்.

பிடித்துவிட்டார்கள் என்று போன் வந்தால் கதை கேட்காதீர்கள். எந்தப் பாலாய் (போலீஸ் நிலையம்), எந்தச் சட்டம், விசாரணை அதிகாரி யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த போன் லாயருக்கு. பையனின் அம்மா அழுதுகொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடத்தான் பார்ப்பார், பிடித்து உட்கார வையுங்கள். அரசியலமைப்பின் 5ஆம் பிரிவுப்படி 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். நாம் கோலாலம்பூர் போய்ச் சேர்வதற்குள் அதில் பாதி நாள் போய்விடும்.

ரிமாண்ட் கேட்கும்போது பக்கத்தில் லாயர் இருப்பதுதான் முக்கியம். 14 வருடத்துக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றமென்றால் முதலில் அதிகபட்சம் 4 நாள், அப்புறம் 3 நாள். போலீஸ் முழுசாகக் கேட்கும், குறைக்கச் சொல்லி வாதாட ஆள் வேண்டும். காசில்லையா? குடிமக்களுக்கு ஒய்பிஜிகே (தேசிய சட்ட உதவி அறவாரியம்) லாயர் இலவசம். கூச்சப்படாமல் கேளுங்கள்.

வாக்குமூலத்தில் பெயர், ஐசி நம்பர், முகவரி சொல்லலாம். தன்னையே மாட்டிவிடும் கேள்விக்கு "சாயா ஜாவாப் டி மஹ்காமா", அதாவது கோர்ட்டில் சொல்கிறேன், என்றால் போதும். மரியாதையாகச் சொல்ல வேண்டும். நம் பையன்களுக்கு அதுதான் வராது.

கேஸ் போட்டால் வருடக்கணக்கில் இழுக்கும். மாணவர் போராளியாக இருந்த ஆடாம் அட்லியைப் பாருங்கள். 2011இல் அப்போதைய பிரதமர் நஜிப் படம் போட்ட கொடியை இறக்கியதற்கு அவருடைய பல்கலைக்கழகம் மூன்று செமஸ்டர் நிறுத்திவைத்தது. 2013இல் பேசிய பேச்சுக்குத் தேச நிந்தனைக் கேஸ், 2014இல் 12 மாதச் சிறை என்று தீர்ப்பு. மேல்முறையீட்டில் 2016இல் அது 5,000 ரிங்கிட் அபராதமானது, 2018இல் அதுவும் இல்லாமல் விடுதலை. 2022இல் நாடாளுமன்ற உறுப்பினராகி, துணை அமைச்சரும் ஆனார். முதல் தீர்ப்போடு ஓய்ந்திருந்தால் உள்ளேதான் இருந்திருப்பார். அதனால் மேல்முறையீட்டுக் கெடு எப்போது முடிகிறது என்று லாயரிடம் அன்றைக்கே கேட்டு, காலண்டரில் வட்டம் போடுங்கள்.

ஜாமீனுக்கு நிற்க மலேசியக் குடியுரிமையுள்ள ஒருவரை முன்கூட்டியே பேசி வையுங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து ஒழுங்கு விசாரணைக் கடிதம் வந்தால் உறையோடு பத்திரப்படுத்துங்கள். லாயர் பார்க்கும்வரை பையன் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.