மின்புலக் கணக்கா? கால்குலேட்டரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

மலேசியாவின் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வான எஸ்டிபிஎம் இயற்பியலில் மின்புலக் கேள்வியைப் பார்த்ததும் பலருக்குக் கை நேராகக் கால்குலேட்டருக்குப் போய்விடுகிறது. முதலில் பென்சிலை எடுங்கள், அம்புக்குறி போடுங்கள், எண்கள் அப்புறம் வரட்டும்.

ஓர் இடத்தில் ஒரு கூலும் நேர் மின்னூட்டத்தை வைத்தால் அதன் மேல் எவ்வளவு விசை, எந்தப் பக்கம் என்பதுதான் அந்த இடத்தின் மின்புலம். அங்கே எதையும் வைக்காவிட்டாலும் புலம் இருக்கும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பூக்கடை ஓரம் ஆள் நடந்தாலும் நடக்காவிட்டாலும் மல்லிகை வாசனை இருக்கிறதல்லவா, அந்த மாதிரி. ஆனால் வாசனைக்குத் திசை கிடையாது, புலத்துக்கு உண்டு, எனவே ஒப்புமை அதோடு சரி.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ‘ப’ என்ற புள்ளிக்கு இடப்பக்கம் 30 செமீ தள்ளி +3 மைக்ரோகூலும் (மைக்ரோ என்றால் 10⁻⁶), நேர் மேலே 30 செமீ தள்ளி −4 மைக்ரோகூலும் இருக்கின்றன. ‘ப’வில் புலம் என்ன?

‘ப’வில் ஒரு நேர் மின்னூட்டம் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கத்து +3 அதைத் தள்ளும், அதனால் வலப்பக்கம் ஓர் அம்பு. மேலே உள்ள −4 அதை இழுக்கும், அதனால் மேல்நோக்கி இன்னொன்று. இரண்டு அம்பும் ‘ப’விலிருந்துதான் கிளம்ப வேண்டும், மின்னூட்டங்களிலிருந்து அல்ல. எதிர்க்குறியின் வேலை திசையைக் காட்டியதோடு முடிந்தது. சூத்திரத்தில் திரும்ப −4 என்று போட்டால் ஒரே குறியை இரண்டு முறை எண்ணிக் குழம்பிவிடுவீர்கள்.

இப்போது அளவு. பிரெஞ்சு இயற்பியலாளர் கூலும் 1785-இல் முறுக்குத் தராசை வைத்துக் கண்ட விதியிலிருந்து வருவதுதான் இது: 9×10⁹-ஐ மின்னூட்டத்தால் பெருக்கி, தூரத்தின் இருமடியால் வகுக்க வேண்டும். +3-க்கு 9×10⁹ × 3×10⁻⁶ ÷ 0.3², அதாவது 3×10⁵ நியூட்டன்/கூலும். −4-க்கு அதே வழியில் 4×10⁵. இரண்டையும் கூட்டி 7 என்று எழுதிவிடாதீர்கள், அம்புகள் செங்குத்தாக நிற்கின்றன, பித்தாகரஸ் போட்டால் 5×10⁵ வரும், திசை கிடைக்கோட்டிலிருந்து 53° மேலே, வலப்பக்கமாக.

விடை 5×10¹¹ என்று வந்தால் மைக்ரோவை மறந்திருக்கிறீர்கள். வெறும் 50 என்று வந்தால் செமீயை மீட்டராக மாற்றவில்லை. ஒரு ஒப்பீட்டுக்குச் சொல்கிறேன், சாதாரணக் காற்று ஏறக்குறைய 3×10⁶-இலேயே உடைந்து பொறி பறக்க ஆரம்பித்துவிடும். கோலாலம்பூரில் மத்தியானம் மழை கட்டும்போது இடி மின்னல் பார்த்து வளர்ந்தவர்களுக்கு 10¹¹ என்ற விடை கண்ணை உறுத்த வேண்டும்.

‘ப’வில் −2 நானோகூலும் (நானோ என்றால் 10⁻⁹) வைத்தால் விசை என்ன என்று அடுத்த வரியில் கேட்பார்கள். பெருக்கினால் 10⁻³ நியூட்டன், திசை மட்டும் புலத்துக்கு நேர் எதிர். புலத்தைத் திரும்பக் கணக்கிட வேண்டாம், புதிதாக வைத்ததன் புலத்தை அதில் சேர்க்கவும் வேண்டாம், அது தன்னைத்தானே தள்ளாது.

புலம் எங்கே பூஜ்யம் என்ற கேள்விக்கும் அம்புதான் வழி. +4, +1 மைக்ரோகூலும் 30 செமீ இடைவெளியில் இருந்தால் நடுவில் அம்புகள் எதிரெதிர், அதனால் பூஜ்யப் புள்ளி அங்கேதான், சிறியதற்கு அருகில்: +4-இலிருந்து 20 செமீ, +1-இலிருந்து 10 செமீ. +1-ஐ −1 ஆக மாற்றினால் நடுவில் இரண்டு அம்பும் ஒரே பக்கம் போகும், எவ்வளவு தேடினாலும் பூஜ்யம் கிடைக்காது. வெளியே வாருங்கள், −1-ஐத் தாண்டி 30 செமீயில் இருக்கிறது. பெரிய மின்னூட்டத்துக்கு வெளிப்பக்கம் தேடிப் பயனில்லை: அது பெரியது, பக்கத்திலும் இருக்கிறது, சிறியது அதை எப்படி ஈடுகட்டும்?