முன்பல் உடைந்தால் உடனே கேப் வேண்டாம்

பைக்கில் விழுந்தோ, கிரிக்கெட் பந்து பட்டோ முன்பல்லின் ஓரம் உடைந்துவிட்டால் பலரும் முதலில் கேட்பது, "டாக்டர், கேப் போட்டுடலாமா?" என்றுதான். பெரும்பாலும் அது தேவைப்படாது. கேப் என்பது பல்லை முழுதாக மூடும் உறை. அதை மாட்ட வேண்டுமென்றால் பல்லைச் சுற்றிலும் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் செதுக்கியாக வேண்டும். முன்பல்லின் கடினமான மேல் படலமான எனாமலே ஏறக்குறைய அவ்வளவு தடிமன்தான், ஈறுப் பக்கம் இன்னும் மெல்லியது. செதுக்கிய எனாமல் திரும்ப வளராது. ஒரு சில்லு போனதற்காக நல்ல பல்லில் பாதியைச் சீவி எறிவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு இது இன்னும் ஆபத்து. அந்த வயதில் பல்லுக்குள் நரம்பு இருக்கும் அறை பெரியது. செதுக்கும்போது நரம்பு பாதிக்கப்பட்டு, வேர் சிகிச்சை (ரூட் கேனால்) வரை போய்விடலாம்.

அதற்குப் பதில் பல் நிறத்திலேயே காம்போசிட் என்ற பிசின் கலவையை வைத்துக் கட்டலாம். எனாமலில் அமிலம் தடவினால் பிசின் நன்றாகப் பிடிக்கும் என்று மைக்கேல் புவோனகோர் 1955-ல் காட்டியதுதான் இதற்கு அடிப்படை. இப்போது சுமார் 37 சதவீத பாஸ்பாரிக் அமில ஜெல்லைச் சில விநாடிகள் தடவிக் கழுவுகிறார்கள். எனாமல் சுண்ணாம்பு போல வெளுக்கும். அதன்மேல் ஒட்டுத் திரவம், பிறகு அடுக்கடுக்காகக் காம்போசிட், ஒவ்வொரு அடுக்கும் இறுக நீல ஒளி. பெரும்பாலும் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். அந்த நேரத்தில் எச்சில் பட்டால் ஒட்டு நிற்காது. அதனால் டாக்டர் வாயில் ரப்பர் ஷீட் மாட்டினால் சலித்துக்கொள்ளாதீர்கள்.

உடைந்த துண்டைத் தூக்கிப் போடுவது அடுத்த தவறு. கிடைத்தால் பாலிலோ தண்ணீரிலோ போட்டு எடுத்துப் போங்கள். பல நேரங்களில் அதையே திரும்ப ஒட்டிவிடலாம், நிறமும் வடிவமும் அச்சு அசலாகப் பொருந்தும்.

நிறத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். காம்போசிட் வைத்த பிறகு பல்லை வெளுக்கச் செய்தால் பல் மட்டும் வெளுக்கும், காம்போசிட் பழைய நிறத்திலேயே நிற்கும். முதலில் வெளுக்கச் செய்துவிட்டு, இரண்டு வாரம் பொறுத்து ஒட்டுங்கள். உடனே ஒட்டினால் பிடிப்பு குறையும். அப்புறம், வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் காய்ந்து வெள்ளையாகத் தெரியும். எனவே வேலை தொடங்குவதற்கு முன்பே நிறத்தைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமாக இருந்து பல்லில் பழுப்புக் கறை படிந்தவர்கள் பலர். கல்யாணம் நிச்சயமானதும் வரிசையாகக் கேப் போட்டுக்கொள்கிறார்கள். கறை மேலோட்டமாக இருந்தால் எனாமலை மிக மெல்லிசாகத் தேய்த்தோ வெளுக்கச் செய்தோ நன்றாகக் குறைக்கலாம். ஆழமாக இருந்தாலும் முதலில் இதைப் பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாம். வீட்டில் எலுமிச்சையும் உப்பும், கரித்தூளும் போட்டுத் தேய்ப்பது வேண்டவே வேண்டாம், எனாமல்தான் கரையும், தேயும்.

அடிபட்ட பல் வலிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே நரம்பு மெல்லச் செத்து, மாதங்கள் கழித்துப் பல் சாம்பல் நிறமாகலாம். டாக்டர் சொன்ன தேதியில் போய் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்கள் இரவில் பல்லில் மாட்டும் பாதுகாப்பு உறையையும் (நைட் கார்ட்) அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.