பிரெஞ்சு அரசவை இசையில் ஸ்பெயினைக் கேட்பது எப்படி?

பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி காலத்து இசையைக் கேட்பவர்கள் பெரும்பாலும் மெட்டைத்தான் கவனிக்கிறார்கள். நான் கிட்டார் வாசிப்பவன். என்னைக் கேட்டால், மெட்டை விட்டுவிட்டு அடியில் ஓடும் பாஸையும் (தாழ்ந்த ஸ்வரங்களின் வரிசை) தாளத்தையும் பிடியுங்கள்; ஸ்பெயின் அங்கேதான் இருக்கிறது.

1615-இல் பதிமூன்றாம் லூயிக்கும் 1660-இல் அவர் மகன் பதினான்காம் லூயிக்கும் ஸ்பெயின் இளவரசிகள் மணப்பெண்ணாக வந்தார்கள் என்பது எல்லாரும் சொல்வது. எனக்கு அதைவிட முக்கியம் 1626. அந்த ஆண்டு லூயிஸ் தே பிரிசென்யோ, ஸ்பானிய முறையில் கிட்டார் ஸ்ட்ரம் செய்ய, அதாவது தந்திகளைச் சேர்த்து வருடி அடிக்க, கற்றுத்தரும் புத்தகத்தைப் பாரிஸில் அச்சிட்டார். பின்னாளில் பதினான்காம் லூயியே கிட்டார் வாசித்தார்.

முதலில் ‘ஸ்பெயினின் ஃபோலியா’வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கார்டு வரிசை (கார்டு என்றால் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) திரும்பத் திரும்ப வரும் நடன இசை இது. கையில் கிட்டார் இருந்தால் மூன்று அடித் தாளத்தில், மூன்று அடி கொண்ட ஒரு சுற்றுக்கு ஒரு கார்டாக அடியுங்கள்: டி மைனர், ஏ மேஜர், டி மைனர், சி மேஜர், எஃப் மேஜர், சி மேஜர், டி மைனர், ஏ மேஜர். மறுபடியும் அதே வரிசைதான். ஆனால் இந்த முறை ஏழாவது சுற்றிலேயே டி மைனரும் ஏ மேஜரும் சேர்ந்து வந்துவிடும். எட்டாவதில் டி மைனரில் நிறுத்துங்கள். யோசிக்காமலே விரல் நகரும்வரை அடித்துப் பழகுங்கள். அப்புறம் இதே ஃபோலியாவை வைத்து இசையமைப்பாளர்கள் எழுதிய மாறுபாடுகளைக் கேளுங்கள்: ஹார்ப்சிகார்ட் என்ற விசைப்பலகைக் கருவிக்குத் தாங்லெபேர் எழுதியவை (1689), வயோல் என்ற வில் கருவிக்கு மாரே எழுதியவை (1701). அலங்காரம் எவ்வளவு அடர்ந்தாலும், எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்று கை சொல்லிவிடும். இந்த ஒன்று பிடிபட்டாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்தது சரபாந்த். 1583-இல் மாட்ரிட்டில் தடை செய்யப்பட்ட துள்ளலான ஆட்டம் இது. பிரான்சில் நிதானமாகி, கம்பீரமாகிவிட்டது. இதுவும் மூன்று அடித் தாளம்தான்: ஒன்றில் லேசாகத் தட்டி, இரண்டில் அழுத்தி, மூன்றில் கையை எடுத்துவிடுங்கள். ராபேர் தே விசேயின் 1682 கிட்டார் தொகுப்பிலுள்ள சரபாந்துகளில் இதைப் பழகுவது சுலபம்.

பதினான்காம் லூயியின் அரசவை இசையமைப்பாளர் லுல்லியின் 1670 நகைச்சுவை பாலேவில் (பாட்டும் நடனமும் கலந்த நாடகம்) ஸ்பானியர்கள் ஸ்பானிய மொழியிலேயே பாடும் பகுதி உண்டு. அழகானதுதான், ஆனால் அதிலிருந்து தொடங்க வேண்டாம். அங்கே ஸ்பெயின் பெரும்பாலும் உடையில்தான்.

கடைசியாக, லுல்லியின் ‘ஆர்மீட்’ ஆபராவின் (1686) ஐந்தாம் அங்கத்தில் வரும் பஸ்ஸகாய். ஸ்பெயினில் பாட்டுக்கு இடையில் கிட்டாரில் அடிக்கப்பட்ட சின்னத் துண்டுதான் பஸ்ஸகாய்; அது இங்கே முழு இசைக்குழுவுக்கும் பாடகர்களுக்குமான நீண்ட காட்சியாக வளர்ந்திருக்கிறது. பாஸில் நான்கு ஸ்வரங்கள் படிப்படியாக இறங்கும். அதை மட்டும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே கடைசிவரை கேளுங்கள். மேலே நடப்பதெல்லாம் தானாகக் காதில் விழும்.