அலர்ஜிக்கு ஸ்டீராய்டு போடும் நாட்களில் சுகரை எந்த நேரம் பார்ப்பது?

மழை விட்டுப் பார்த்தீனியம் பூத்தால் போதும், ஓசூரில் எனக்குத் தும்மலும் கண் அரிப்பும் தொடங்கிவிடும். எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனை முழுக்க அந்த வெள்ளைப் பூதான். ஒன்பது வருடமாக எனக்குச் சுகரும் உண்டு.

இரண்டு வருடம் முன்பு மூக்கடைப்போடு இளைப்பும் சேர்ந்துகொண்டது. டாக்டர் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை 20 மி.கி. ஐந்து நாளைக்கு எழுதினார். தினமும் காலையில் சாப்பிடும் முன் விரலில் குத்திச் சுகர் பார்த்தேன். 118, 122. சரியாகத்தான் இருக்கிறது என்று நம்பிவிட்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம் நாக்கு வறண்டது. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தும் தாகம் அடங்கவில்லை, மணிக்கொரு முறை பாத்ரூம். நாலரை மணிக்குக் குத்தினால் 296. விரலில் ஏதும் ஒட்டியிருக்குமோ என்று சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். 291.

காலையில் போடும் பிரெட்னிசோலோன் செய்கிற வேலை இது. ஈரல் சர்க்கரையைக் கூடுதலாக விடும். இன்சுலின் இருந்தும் தசைகள் சர்க்கரையைச் சரியாக வாங்கிக்கொள்ளாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகிலிருந்து இரவுச் சாப்பாடு வரை ஏறி நிற்கும், விடிவதற்குள் இறங்கிவிடும். அதனால் காலை அளவை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை, ராத்திரி சாப்பிடும் முன் ஒரு தடவை பாருங்கள். ஸ்ட்ரிப் குறைவாக இருந்தால் மதியத்தை விடாதீர்கள்.

மாத்திரையைக் காலை டிபனுக்குப் பிறகு போடுங்கள். இரவில் போட்டால் தூக்கம் கெடும். எழுதும்போதே டாக்டரிடம், "எனக்குச் சுகர் இருக்கு, எவ்வளவு ஏறினா உங்களைக் கூப்பிடணும்?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என் டாக்டர் 250 என்று சொன்னார். 300க்கு மேலேயே நின்றாலோ, வாந்தி, மயக்கம், மூச்சு வாங்குவது என்று வந்தாலோ ஃபோனில் பேசிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

ஸ்டீராய்டு பசியைத் தூண்டும், அதைத் தாங்குவதுதான் சிரமம். அந்த ஐந்து நாளும் மதியச் சோற்றை ஒரு கரண்டியாகக் குறைத்து, கீரையும் அவரைப் பொரியலும் ஒரு முட்டையும் வைத்துக்கொண்டேன். நாலு மணிக்கு பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல். இருமல் சிரப் வாங்கினால் சர்க்கரை இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள்.

சுகர் மாத்திரையை நீங்களே கூட்டாதீர்கள், முக்கியமாக இரவு மாத்திரையையும் இரவு இன்சுலினையும். விடியற்காலை எப்படியும் இறங்கப்போகிற சுகர் அதனால் தாழ்ந்துவிடும். எனக்குக் காலைச் சுகர் மாத்திரையான கிளிமிபிரைடை 1 மி.கி.யிலிருந்து 2 மி.கி. ஆக்கினார்கள். ஸ்டீராய்டு முடிந்ததும் பழையபடி 1 மி.கி.க்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான் மறந்து இரண்டு நாள் அதையே போட்டேன். பதினொரு மணிக்கு வியர்த்துக் கை நடுங்கியது, பார்த்தால் 66. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 94. ஆகவே ஸ்டீராய்டு முடியும் தேதியை காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் மட்டும் அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

இன்னொன்று. சீட்டில்லாமல் மருந்துக் கடையில், "இதைப் போடுங்கம்மா, ரெண்டே நாள்ல நின்னுடும்" என்று பிரித்துத் தரும் குட்டி மாத்திரை பெரும்பாலும் பீட்டாமெத்தசோன், டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டாக இருக்கும். இவை பிரெட்னிசோலோனைவிட நீண்ட நேரம் வேலை செய்யும், காலைச் சுகரையும் ஏற்றும். பெயர் தெரியாத மாத்திரையை வாங்காதீர்கள். அலர்ஜிக்கு ஊசி போடுவதாகச் சொன்னாலும் அது ஸ்டீராய்டா என்று கேளுங்கள். சில ஊசிகள் நாள்கணக்கில், வாரக்கணக்கில்கூட உடம்பில் நிற்கும்.

மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே அப்படியில்லை. சரியான அளவில் அடித்தால் இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. டாக்டர் சொன்னபடி இப்போது பூக்கும் காலத்துக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்கிவிடுகிறேன். தலையைச் சற்றுக் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையால், இடது மூக்குக்கு வலது கையால், முனை நடுத்தண்டைத் தொடாமல் காதுப் பக்கம் பார்த்து அடிக்க வேண்டும்.