சுவருக்குள் இருந்ததையும் படித்தவன்: கல்வெட்டு கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, காவிரிக் கரையில் ஒரு சின்னச் சிவன் கோயிலின் தெற்குச் சுவர் முன்னால் ஆறு பேர் நின்றிருந்தோம். வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர், இரண்டு கல்லூரிப் பெண்கள், ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், புதிதாக வந்த ஓர் இளைஞர், அப்புறம் நான். அந்த இளைஞர் சுவரைப் பார்த்து, "ஸ்வஸ்திஸ்ரீ, திருமகள் போலப் பெருநிலச் செல்வியும் தனக்கேயுரிமை..." என்று மூச்சு விடாமல் ஓட்டினார். மற்றவர்கள் அசந்துபோனார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இருபது வருடத்துக்கு முன்னால் நான் அடித்த அதே கூத்து.

கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். கல்வெட்டு வாசிப்பு முப்பத்தெட்டு வயதுக்கு மேல் நானாகக் கற்றது. பட்டமும் இல்லை, பட்டயமும் இல்லை. ஆனாலும் வாரம் ஆறு நாள் வேலை பார்ப்பவனுக்கு ஏழாவது நாள் எதற்காக விடிகிறது என்று கேட்டால், இதற்காகத்தான். புதிதாக வருகிறவர்கள் நான் விழுந்த குழியிலேயே விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. செருப்பைக் கழற்று, குருக்களிடம் கேட்டுக்கொண்டு நில் என்பதையெல்லாம் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

எல்லா எழுத்தையும் ஒரே மூச்சில் பிடிப்பது

தமிழ் பிராமி, வட்டெழுத்து, கிரந்தம், சோழர் காலத் தமிழெழுத்து என்று நான்கு அட்டவணைகளை அச்சிட்டு வீட்டுச் சுவரில் ஒட்டுவார்கள். மூன்று வாரத்தில் அட்டவணை மட்டும் சுவரில் இருக்கும், ஆளைக் காணோம். பதினொன்று, பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சோழர் எழுத்தில் தொடங்குங்கள். இன்றைய நம் எழுத்துக்கு அது பாட்டி மாதிரி, முகச்சாடை தெரியும். 'ஸ்வஸ்திஸ்ரீ', 'பன்மாஹேஸ்வர ரக்ஷை' போன்ற சொற்கள் அடிக்கடி வருவதால் ஏழெட்டு கிரந்த எழுத்துகள் கேட்காமலே வந்து ஒட்டிக்கொள்ளும். பிராமிக்கு அவசரமில்லை. இரண்டாயிரம் வருடம் காத்திருந்தது, இன்னும் இரண்டு வருடம் காத்திருக்கும்.

எழுத்து தெளியக் கல்லில் சாக்பீஸ், மாவு, எண்ணெய் தடவுவது

கூடாது.

அச்சுப் பாடத்தை முதலில் பார்ப்பது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது, பெரும்பாலும் என் மேலேயே.

நான் ஆரம்பித்த காலத்தில், போகப்போகிற கோயிலின் கல்வெட்டுப் பாடம் அச்சில் இருக்கிறதா என்று தேடி, முதல் நாள் ராத்திரியே படித்துவிட்டுப் போவேன். பரீட்சைக்குத் தயார் செய்கிற புத்தி. மறுநாள் கல்லைப் பார்த்தால் எழுத்தெல்லாம் வரிசையாக எழுந்து வந்து வணக்கம் சொல்லும். "அட, வாசிக்கிறோமே!" என்று மனசுக்குள் ஒரு பூரிப்பு. இப்படி இரண்டு வருடம் போனது.

ஒரு நாள் நான்கைந்து நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போய், முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியை, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசன் புகழ் பாடும் அந்தத் 'திருமகள் போல' வரிகளை, உரக்க வாசித்துக் காட்டினேன். பக்கத்தில் ஒரு பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். ஆயுசு முழுக்கக் கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி மைப்படி எடுத்தவர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. நான் முடித்ததும் மெதுவாகக் கேட்டார்:

"தம்பி, 'காந்தளூர்ச் சாலை'ன்னு படிச்சீங்களே, அது எங்க இருக்கு? விரல வைங்க பாப்போம்."

விரலை நீட்டினேன். வரி ஒரு தூணில் போய் முட்டி நின்றது. பிற்காலத்தில் யாரோ மண்டபம் கட்டியபோது அந்த இடத்தை மறைத்துவிட்டார்கள். காந்தளூர்ச் சாலை தூணுக்குப் பின்னால் இருந்தது.

"சுவத்துக்குள்ள இருக்கிறதையும் படிக்கிறீங்க. பெரிய ஆள்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நண்பர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை.

நான் செய்துகொண்டிருந்தது ஒப்பித்தல். இராசராசனின் எட்டாம் ஆட்சியாண்டை ஒட்டிய கல்வெட்டுகளிலிருந்து இந்த மெய்க்கீர்த்தி ஊருக்கு ஊர் வருகிறது. நான்கு கோயில் போனால் யாருக்கும் பாட்டுப் போல வாயில் நிற்கும். விஷயம் அது முடிந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது: யார் கொடுத்தார், என்ன கொடுத்தார், எந்த நாட்டு எந்த ஊர், நிலத்துக்குக் கிழக்கெல்லை எது. அங்கே மனப்பாடம் கைகொடுக்காது. அந்த வாரமே தனியாகப் போய், மெய்க்கீர்த்திக்கு அடுத்த வரியை அச்சுப் பாடம் இல்லாமல் எடுத்தேன். ஒன்றரை மணி நேரத்தில் பதினோரு எழுத்து. இரண்டு வருடக் 'கல்வி'க்குக் கிடைத்த மதிப்பெண் அதுதான்.

அச்சுப் பாடம் ஏன் இவ்வளவு கெடுக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். சோழர் கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்ட மாட்டார்கள். துணைக்காலும் 'ர'வும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். இப்போது க, ஒரு கோடு, ண, ம என்று கல்லில் இருந்தால் என்ன படிப்பீர்கள்? 'கரணம்' என்றும் படிக்கலாம், 'காணம்' என்றும் படிக்கலாம். முன்னது கணக்கு சம்பந்தப்பட்டது, ஊர்க் கணக்கு எழுதியவர்தான் கரணத்தான். பின்னது பொன். கணக்கன் கண்ணுக்குக் கணக்குதான் தெரியும் என்பதால் நான் 'கரணம்' என்று எழுதி வைத்தேன். முன்னும் பின்னும் பார்த்தால் பொன் கொடுத்த சேதி. வரியில் இருந்தது காணம்.

அந்தத் தப்பை நானாகச் செய்து, நானாக முட்டிக்கொண்டு, திரும்பிவந்து திருத்தியதால் இன்றுவரை அந்தக் கோட்டைக் கண்டால் இரண்டு முறை யோசிக்கிறேன். அச்சுப் பாடத்தில் 'காணம்' என்று பார்த்துவிட்டுப் போயிருந்தால், அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது என்பதே தெரிந்திருக்காது. பதிப்பித்தவர் பட்ட பாட்டின் பலன் கைக்கு வந்துவிடும், பாடு வராது. தானாகக் கற்பவனுக்கு இதில் ஆபத்து அதிகம். நிறுத்திக் கேட்க ஒரு வாத்தியார் இல்லையே!

அந்தப் பெரியவரை அப்புறம் தேடிப்போய்த் தெரிந்துகொண்ட முறை இது. வெயில் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோ போங்கள். இருட்டான பிராகாரம் என்றால் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேராக அடித்தால் எழுத்து அழிந்துபோன மாதிரி தெரியும், சாய்த்துப் பிடித்தால் வெட்டின் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். ஒரே ஒரு வரி போதும். தெரிந்த எழுத்தை நோட்டில் எழுதுங்கள், தெரியாத இடத்தில் புள்ளி வையுங்கள். ஊகித்து நிரப்பாதீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு நாள் கழித்து, அச்சுப் பாடத்தைத் திறந்து சிவப்பு மையில் திருத்துங்கள். எந்த எழுத்தில் திரும்பத் திரும்பத் தவறுகிறீர்கள் என்று கடைசிப் பக்கத்தில் தனியாகக் குறித்து வையுங்கள். என் நோட்டில் அந்தப் பக்கம் மூன்று வருடம் ஓடியது.

பெரிய ஆட்களும் கல்லுக்குத் திரும்பிப் போயிருக்கிறார்கள். ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்துகொண்டே பழந்தமிழ் எழுத்தைக் கற்றவர். 1960களில் புகளூர்க் குகைக் கல்வெட்டில் சேர அரசர்களின் பெயர்களைப் படித்து, தமிழ் பிராமிக் கல்வெட்டுகளைத் தொகுத்து வெளியிட்டும் விட்டார். அதோடு நின்றிருக்கலாம். 1990களில், அறுபது வயதுக்கு மேல், மறுபடியும் குகை குகையாக ஏறி, தான் முன்பு படித்ததையே கல்லோடு ஒத்துப்பார்த்தார். அந்த உழைப்பின் பெருநூல் 2003இல்தான் வந்தது. நாம் என்னடாவென்றால் ஒரு முறை படித்த வரியைத் திரும்பிப் பார்க்கக் கூச்சப்படுகிறோம்.

பிடிஎஃப் சேர்ப்பது

என்னிடமும் இருக்கிறது, நாலாயிரம் சொச்சம். படித்தது எத்தனை என்று கேட்காதீர்கள்.

'புதிய கல்வெட்டு' தேடி அலைவது

ஆறு மாதம் ஆனதும் எல்லோருக்கும் இந்தக் காய்ச்சல் வரும். எனக்கும் வந்தது. ஒரு பாழடைந்த கோயிலில் நான் 'கண்டுபிடித்த' கல்வெட்டு, நூறு வருடத்துக்கு முந்தைய கல்வெட்டுத் துறை ஆண்டறிக்கையில் எண் போட்டுப் பதிவாகியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே தென்னிந்தியக் கல்வெட்டுகளைப் படியெடுக்கத் தொடங்கிவிட்டார்கள். நாளிதழுக்குப் போன் போடுவதற்கு முந்தைய நாள் ராத்திரி அதைப் பார்த்தேன், தப்பித்தேன்.

புதியது கிடைக்காது என்று சொல்லவில்லை, கிடைக்கிறது. ஆனால் பதிவான கல்வெட்டுகளிலேயே செய்யப்படாத வேலை குவிந்து கிடக்கிறது. கோயிலில் அணையாத நொந்தா விளக்கு எரிக்க 96 ஆடு கொடுப்பார்கள். 'சாவா மூவாப் பேராடு' என்று கல் சொல்லும். ஆட்டை வாங்கிக்கொண்டவர் நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும், மந்தை எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். செத்த ஆட்டின் கணக்கு கொடையாளி ஏட்டில் ஏறாது. ஒரு கணக்கனாக இதைப் படித்த அன்று ஆபீசுக்குப் போய் ஒரு கடன் ஒப்பந்தத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். இந்த விளக்குக் கொடைகளை மட்டும் ஒரு வட்டாரத்துக்குத் தொகுத்துப் பார்க்கலாமே என்று தோன்றியது அன்றைக்குத்தான். இப்போது எட்டு வருடமாக அதுதான் என் ஏழாவது நாள் வேலை.

தானாகக் கற்பது என்றால் தனியாகக் கற்பது என்று நினைப்பது

திருத்த ஒருவர் வேண்டும். பாராட்டுகிறவர்கள் வாட்சப் குழுவிலேயே நிறைய இருக்கிறார்கள்.

சரி, அந்த இளைஞர் கதைக்கு வருகிறேன். அவர் ஓட்டி முடித்ததும் நான் விரலை வைக்கச் சொல்லவில்லை. எல்லோர் முன்னாலும் கேட்க மனசு வரவில்லை. திரும்பும்போது டீக்கடையில் தனியாக உட்காரவைத்து என் தூண் கதையைச் சொன்னேன். முகம் சுருங்கியது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு, "நான் அப்படியில்ல சார்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று ராத்திரி ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். நோட்டின் ஒரு பக்கம், ஒரே வரி, முக்கால்வாசி புள்ளிகள். நடுநடுவே பதினான்கு எழுத்து. நான்காவது எழுத்து துணைக்கால், அதை 'ர' என்று எழுதியிருக்கிறார். இன்னும் சொல்லவில்லை.