நான்காவது கச்சேரிக்கு யார் வருவார்கள்? சுயாதீன இசைக்குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் சொந்தப் பாடல்களை வாசிக்கும் ஒரு பேண்டின் முதல் கச்சேரிக்கு ஆள் சேர்ப்பது பெரிய காரியமல்ல. கல்லூரித் தோழர்கள், அலுவலக நண்பர்கள், டிரம்மரின் அத்தை மகன் என்று ஐம்பது அறுபது பேர் வந்துவிடுவார்கள். நான்காவது கச்சேரியில்தான் சிக்கல் தெரியும். நண்பர்கள் அதற்குள் சலித்துப்போயிருப்பார்கள். அவர்கள் இடத்தை நிரப்ப முன்பின் தெரியாத எவரும் வந்திருக்க மாட்டார்கள். விளம்பரம் போதவில்லை என்று நினைத்து இன்ஸ்டாகிராமில் பணத்தைக் கொட்டும் குழுக்கள் உண்டு. ஆனால், தற்செயலாக ஒரு முறை கேட்டுவிட்டுப் போனவர் ஏன் திரும்பி வரவில்லை என்பதற்கான விடை பெரும்பாலும் மேடையிலேயே கிடக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய அரங்கில், எல்லா ஒலிகளையும் கலந்து சீராக்கும் மிக்ஸர் அருகே நின்றுகொண்டிருந்தேன். கச்சேரி முடிந்ததும் ஒருவர் வந்து, "இவங்க பேர் என்னங்க?" என்று கேட்டார். ஒன்றரை மணி நேரம் ரசித்துக் கேட்டவருக்குக் குழுவின் பெயர் தெரியவில்லை, ஏனென்றால் பாடகர் அதை ஒரு முறைகூடச் சொல்லவில்லை. பெயரைத் தொடக்கத்தில் ஒரு முறையும், இடையில் ஒரு முறையும், கடைசிப் பாடலுக்கு முன் ஒரு முறையும் சொல்வது தற்பெருமை ஆகாது.

அடுத்த தவறு சத்தம் தொடர்பானது. என் கணக்கில் எல்லாவற்றையும்விடப் பெரியது இதுதான். பயிற்சி அறையில் டிரம்ஸுக்கு ஈடுகொடுக்க கிட்டார் ஆம்ப்பை (ஒலியைப் பெருக்கும் பெட்டியை) ஏற்றி வைத்துப் பழகியவர்கள், அதே அளவைச் சிறிய அரங்கிலும் வைக்கிறார்கள். பாடகருக்குத் தன் குரல் கேட்காமல் மானிட்டரை, அதாவது மேடையில் தன்னை நோக்கி வைத்திருக்கும் ஸ்பீக்கரை, கூட்டச் சொல்கிறார், மைக் விசிலடிக்கிறது, ஒலிப்பொறியாளர் குரலைக் குறைக்கிறார், பாடல் வரிகள் மூழ்கிப்போகின்றன. முதன்முறை கேட்பவர் வீட்டுக்கு எடுத்துச் செல்லக்கூடியது ஒரு வரியும் ஒரு மெட்டும்தான் என்னும்போது, தமிழில் எழுதிப் பாடும் குழு அந்த வரியையே பறிகொடுப்பதைப் போன்ற நஷ்டம் வேறில்லை. கச்சேரிக்கு முன் ஒலியைச் சரிபார்க்கும் சவுண்ட் செக்கின்போது குழுவைச் சேராத ஒருவரைக் கடைசி வரிசையில் நிறுத்தி, காதில் விழுந்த வரியைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் முதலில் குறைக்க வேண்டியது ஆம்ப்பை.

எத்தனை மைக், எத்தனை லைன் (கருவியை மிக்ஸரோடு இணைக்கும் கேபிள்) தேவை என்ற பட்டியலை முன்கூட்டியே அனுப்பாமல் போவதும் இதோடு சேர்ந்த பிழை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் 19 பேர் இருந்தார்கள். கானாவும் ராப்பும் ராக்கும் கலந்த அந்த இசையில் பறையும் எலெக்ட்ரிக் கிட்டாரும் ஒரே மேடையில் ஒலித்தன. அத்தனை பெரிய குழுவாக இல்லாமல் நால்வர் மட்டுமே என்றாலும், கீபோர்டுக்கு இரண்டு லைன் வேண்டும் என்பதை மேடையேறிய பிறகு சொன்னால், சவுண்ட் செக்குக்கான நேரம் கேபிள் தேடுவதிலேயே கரைந்துவிடும்.

சுதி சேர்க்கும் இடைவெளியும் ஆட்களை எழுப்பி அனுப்பிவிடும். குளிர்சாதன அறையிலிருந்து பெசன்ட் நகர் கடற்காற்றுக்கு எடுத்து வந்த கிட்டார் சுதி மாறத்தான் செய்யும். பறை வாசிப்பவர்கள், ஈரத்தில் தளர்ந்த தோலை அடிக்கும் முன் நெருப்பில் காட்டி முறுக்கேற்றிக்கொள்கிறார்கள். கிட்டார்காரர்களோ பார்வையாளர்கள் முன்னிலையில் இரண்டு நிமிடம் ட்யூனரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் பாடகர் அடுத்த பாடலைப் பற்றி நான்கு வார்த்தை பேசலாம்.

உணவகங்களில் வாசிப்போர் இளையராஜா, ரஹ்மான் பாடல்களால் மாலையை நிரப்பிவிட்டுச் சொந்தப் பாடலைக் கடைசியில் வைக்கிறார்கள். அப்போது மேசைக்குப் பில் வந்திருக்கும். எல்லோருக்கும் தெரிந்த இரண்டு பாடல்களுக்குப் பின், கூட்டம் காது கொடுத்திருக்கும்போதே சொந்தப் பாடலைப் பாடிவிடுவது நல்லது. திறந்தவெளியில் இது இன்னும் முக்கியம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, சிறப்பு அனுமதி பெற்ற நாட்களைத் தவிர, இரவு 10 மணிக்கு மேல் வெளியில் ஒலிபெருக்கி கூடாது. நிகழ்ச்சியோ எப்போதும் தாமதமாகவே தொடங்கும். ஆகவே சிறந்த பாடலைக் கடைசிக்கு ஒதுக்கினால் வெட்டுப்படுவது அதுவாகத்தான் இருக்கும்.

ஒரே நகரத்தில் வாரந்தோறும் அதே எட்டுப் பாடல்களை வாசிப்பதும் வேண்டாம். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் தள்ளிப்போடுவார்கள். மாதம் ஒன்று, அதில் ஒரு புதிய பாடல் என்பது தாங்கக்கூடிய வேகம். பல குழுக்கள் வாசிக்கும் நாளில் தம் முறை முடிந்ததும் நண்பர் படையோடு கிளம்பிவிடுவது மரியாதைக் குறைவு மட்டுமன்று. மற்ற குழுவின் ரசிகர்களிடம் அறிமுகமாகும் வாய்ப்பையும் அது கெடுத்துவிடுகிறது.

கடைசிப் பாடல் முடிந்த கையோடு எல்லோரும் குனிந்து கேபிள் சுருட்டத் தொடங்குவதை அடிக்கடி பார்க்கிறேன். மேடை ஓரத்தில் யாராவது ஒருவர் தயங்கி நின்று, இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விடுவார். குழுவில் ஒருவர் அன்றைக்குக் கேபிளைத் தொடாமல், அடுத்த கச்சேரியின் தேதியோடு கீழே இறங்கி நிற்கட்டும்.