சுறா வாங்கும்போது நாம் செய்யும் தவறுகள்

அடுத்த முறை சந்தையில் பால் சுறாக் குட்டியைப் பார்த்தால் கொஞ்சம் மல்லாத்திப் பாருங்கள். இரண்டு பக்கத் துடுப்புகளுக்கும் நடுவே சின்னதாக ஒரு கீறல் ஆறாமல் இருந்தால் அது தொப்புள் தழும்பு, குட்டி பிறந்து அதிக நாள் ஆகவில்லை என்று அர்த்தம். ஆமாம், மீனுக்குத் தொப்புள்தான். பால் சுறா தாய் வயிற்றில் ஏறக்குறைய ஒரு வருடம் கொடி வழியாக உணவெடுத்து வளர்கிறது, ஒரு ஈற்றுக்கு அதிகம் போனால் எட்டுக் குட்டி. பிடிக்கப் பிடிக்கப் பெருகும் என்ற பேச்சு ஆயிரக்கணக்கில் முட்டை விடும் மத்திக்கு வேண்டுமானால் சரி, சுறாவுக்குப் பொருந்தாது. சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒரு பங்கு அழியும் நிலையில் இருப்பதாக 2021-இல் கணக்கெடுத்தார்கள், அதற்கு முதல் காரணமே அளவுக்கு மீறிப் பிடிப்பதுதான். அதனால் குட்டிதான் புட்டுக்கு மெத்தென்று இருக்கும் என்று தேடி வாங்காதீர்கள்.

அப்புறம், பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு. பால் ஊறும் என்று பாசத்தோடுதான் கொடுக்கிறோம். ஆனால் மற்ற மீன்களைத் தின்று வாழும் சுறாவின் உடம்பில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் சுறாவைத் தவிர்க்கவே சொல்கிறது. மத்தி, நெத்திலி கொடுங்கள்.

சுறா என்றால் மூத்திர வாடை வரத்தான் செய்யும் என்பதும் தவறு. அதன் உடம்பில் யூரியா உண்டு, செத்த பிறகு அது அம்மோனியாவாக மாறும்போதுதான் அந்த வாடை, அதாவது மீன் பழசு.

கிட்டார் போன்ற உடம்புள்ள உளுவையையும், ரம்பம் போல நீண்ட மூக்குக் கொம்புள்ள வேளாவையும் சுறா என்றே பலர் சொல்கிறோம். செவுள் பிளவு பக்கவாட்டில் இருந்தால் சுறா, வயிற்றுப் பக்கம் இருந்தால் திருக்கைக் கூட்டம், இவை இரண்டும் திருக்கைக் கூட்டம்தான். சங்ககாலப் பரதவர் சினைச்சுறாவின் கொம்பை நட்டுக் கும்பிட்டார்களே, அது வேளாவின் கொம்பாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இன்று வேளாவைப் பார்ப்பதே அரிது. வேளாவும் திமிங்கலச் சுறாவும் 2001 முதல் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. தெரியாமல் வலையில் மாட்டியதுதானே என்று கரைக்கு இழுத்துவருவது பெரிய தவறு. குஜராத் மீனவர்கள் தங்கள் வலையையே அறுத்து நூற்றுக்கணக்கான திமிங்கலச் சுறாக்களைக் கடலுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், அறுந்த வலைக்கு அங்கே அரசு இழப்பீடு தருகிறது.